யாமித் கட்டப்பட்டது வெறும் மணலிலா?

கேள்வி: ஏப்ரல் 25, 2025, மாலை

"இன்று எகிப்தில் சினாய் விடுதலை நாள், அரசு விடுமுறை. அது என்ன என்று தேடப்போய் யாமித் என்ற ஊரைப் பற்றிப் படித்தேன். 1967 போரில் பிடித்த சினாயில் இஸ்ரேல் ஒரு நகரத்தையே கட்டியிருக்கிறது. 1982இல் தானே புல்டோசர் விட்டுத் தரைமட்டமாக்கிவிட்டுப் போய்விட்டது. வெறும் மணலை எடுத்தார்கள், வெறும் மணலாகத் திருப்பித் தந்தார்கள், நடுவில் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை, சமாதானம் லாபம். ஆக்கிரமித்த நிலத்தை விட்டு வருவது இவ்வளவு சுலபம் என்றால் மற்ற இடங்களில் ஏன் முடியவில்லை?"

ஏப்ரல் 25, இரவு 10.40

கடைசிக் கேள்விக்கு அப்புறம் வருகிறேன். "வெறும் மணல்" என்பதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

யாமித் கதையை எல்லாரும் 1982இல் ஆரம்பிக்கிறார்கள். படங்கள் அந்த வருஷத்தில்தான் கிடைக்கின்றன: கூரைமேல் ஏறி நிற்கும் இளைஞர்கள், ஏணியோடு வரும் சிப்பாய்கள், நுரை பீய்ச்சும் வண்டிகள். 1972இல் யாரும் அப்படிப் படம் எடுக்கவில்லை. ஆனால் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

காசா துண்டுக்குத் தென்மேற்கே, ரஃபாவிலிருந்து அல் அரீஷ் போகும் வழியில், மத்தியதரைக் கடலோரம் இருக்கும் பகுதி இது. அங்கே பெதூயின்கள் இருந்தார்கள். பெதூயின் என்றதும் ஒட்டகம், கூடாரம், இன்று இங்கே நாளை அங்கே என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இவர்கள் அப்படியில்லை. மணல்மேடுகளுக்கு நடுவே பள்ளத்தில் கிணறு வெட்டி, பாதாமும் பீச்சும் ஆலிவும் ஆமணக்கும் வளர்த்தவர்கள். கூடாரத்தில் இருந்தவர்களும் உண்டு, கான்கிரீட் வீடு கட்டியிருந்தவர்களும் உண்டு. 1972 ஜனவரியில் இஸ்ரேல் ராணுவம் அவர்களைக் கிளப்பியது. வீடுகளையும் கூடாரங்களையும் இடித்தார்கள், கிணறுகளை மூடினார்கள், மரங்களைப் பிடுங்கினார்கள், சுற்றி வேலி போட்டார்கள். தென்மண்டலத் தளபதியாக இருந்து இதைச் செய்தவர் ஏரியல் ஷரோன்.

மணல் வெறுமையாக இருக்கவில்லை. வெறுமையாக்கினார்கள்.

ஏப்ரல் 26, காலை

எத்தனை பேரைக் கிளப்பினார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அரசுத் தரப்பு ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் சொன்னது. ஷேக்குகள், அதாவது பெதூயின் குலத்தலைவர்கள், இருபதாயிரம் என்றார்கள். இந்த வித்தியாசத்தை நான் தீர்த்துவைக்கப் போவதில்லை. சின்ன எண்ணையே எடுத்துக்கொண்டாலும், பின்னாளில் யாமித் நகரத்தில் குடியிருந்தவர்களைப் போல இரண்டு மடங்கு ஆகிறது. யாமித் உச்சத்தில் இருந்தபோதே சுமார் 2,500 பேர்தான்.

அவர்கள் சும்மா போய்விடவும் இல்லை. ஒன்பது ஷேக்குகள் இஸ்ரேலின் உச்ச நீதிமன்றத்துக்கே போனார்கள். அபூ ஹிலு வழக்கு என்று சட்டக்காரர்கள் சொல்வது அதைத்தான். ஆக்கிரமித்தவனின் நீதிமன்றத்தில் ஆக்கிரமிக்கப்பட்டவன் மனுப் போடலாம் என்பதை வழக்கமாக்கிய ஆரம்பகால வழக்குகளில் ஒன்று. ராணுவத்தின் சார்பில் மேஜர் ஜெனரல் இஸ்ரேல் தால் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தார். காசாவில் தாக்குதல் நடத்துகிறவர்களுக்கு சினாயிலிருந்து ஆயுதம் வருகிறது, நடுவில் ஆளில்லாத தடுப்புப் பகுதி வேண்டும் என்பது அவர் வாதம். நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

ஆளில்லாத பகுதி வேண்டும் என்று சொல்லிக் காலி செய்த இடத்தில்தான் அடுத்த சில வருஷங்களில் குடும்பங்களைக் குடிவைத்தார்கள், நர்சரிப் பள்ளி, கடைத்தெரு எல்லாமாக. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, நல்ல சிரிப்பு இல்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த வெளியேற்றம் வெளியே தெரிந்ததே பக்கத்து கிப்புட்ஸ் (கூட்டுப் பண்ணைக் கிராமம்) ஆட்களால்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் விவசாயம் செய்துகொண்டிருந்த இடதுசாரிகள் போய்ப் பார்த்து, எழுதி, கூட்டம் போட்டு சத்தம் எழுப்பினார்கள். ராணுவத்துக்குள் விசாரணை வந்தது, ஷரோனுக்குக் கண்டனம் கிடைத்தது. ஆனால் வேலி பிரியவில்லை. அந்தப் போராட்டத்தில் முன்நின்றவர்களில் ஒருவர் நிர் ஓஸ் கிப்புட்ஸைச் சேர்ந்த பத்திரிகையாளர் ஓதெத் லிஃப்ஷிட்ஸ். 2023 அக்டோபர் 7 ஹமாஸ் தாக்குதலின்போது அவரைத்தான் பிணைக்கைதியாகக் காசாவுக்குக் கொண்டுபோனார்கள். 2025 பிப்ரவரியில் உடல் திரும்பி வந்தது.

ஏப்ரல் 26, மதியம்

"அவர்களுக்குப் பட்டா இருந்ததா?" என்று கேட்பவருக்கு: 1882இல் உங்கள் பாட்டனாரின் பாட்டனாருக்கு இருந்ததா? பழத்தோட்டம் வைத்தவனுக்கு மரமே பட்டா. மரத்தைப் பிடுங்கியதும் பட்டாவும் போயிற்று.

ஏப்ரல் 27, இரவு

ஊரைப் பற்றிச் சொல்கிறேன். நான் கட்டடப் பொறியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். அரசியலைவிட இந்தப் பகுதி எனக்குச் சுலபம்.

யாமித்தைக் கனவு கண்டவர் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் மோஷே தயான். சின்னக் குடியிருப்பு அல்ல, துறைமுகத்தோடு கூடிய பெருநகரம் அவர் மனதில் இருந்தது. இரண்டு லட்சத்துக்கு மேல் மக்கள் என்று கணக்குப் போட்டார்கள். 1973 செப்டம்பரில் ஆளும் தொழிற்கட்சி ஏற்றுக்கொண்ட குடியேற்றத் திட்டமான கலிலி ஆவணத்தில் யாமித் வளர்ச்சியும் இருந்தது. அடுத்த மாதமே, அக்டோபர் 6 அன்று, எகிப்தியப் படை சூயஸ் கால்வாயைத் தாண்டியது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. போர் ஆயத்தம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஆனால் சினாயைத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்த எகிப்து அதிபர் சதாத், அங்கே துறைமுகம் கட்டுகிறார்கள் என்று செய்தி படித்தால் என்ன நினைத்திருப்பார்?

ஆச்சரியம் என்னவென்றால், அந்தப் போருக்குப் பிறகுதான் கட்டவே ஆரம்பித்தார்கள். வேலை தொடங்கியது 1975 தொடக்கத்தில். அதே வருஷம் முதல் குடும்பங்கள் வந்துவிட்டன. முன்வார்ப்புக் கான்கிரீட், சாம்பல் வெள்ளை, தாழ்ந்த வீடுகள், ஒன்றோடொன்று ஒட்டி. கார் போகிற வழி வெளியே, நடக்கிற வழி உள்ளே. குழந்தை பள்ளிக்கூடம் போகும்போது ஒரு சாலையைக்கூடக் கடக்க வேண்டாத மாதிரித் திட்டம். படங்களைப் பார்த்தால் நல்ல வேலை என்றே சொல்வேன். கடற்கரை மணலில் அஸ்திவாரம் போட்டவர்களுக்குத் தெரியும், உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்காமல் கான்கிரீட்டைக் காப்பது எவ்வளவு பாடு என்று. என் வேலைக்காலத்தில் கடலோரத்தில் ஒரு ஒப்பந்தக்காரர் கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட், குறைத்துப் போட்ட தூண்கள் சில வருஷத்தில் வெடித்துச் சிமெண்ட் கொட்டியதைப் பார்த்திருக்கிறேன். யாமித் வீடுகளுக்கு அந்தக் கவலையே வரவில்லை. துருப்பிடிக்கிற வயது வருவதற்குள் கதை முடிந்துவிட்டது.

துறைமுகம்? ஒரு கல்கூட விழவில்லை.

குடிவந்தவர்கள் யார் என்றால், சோவியத் யூனியனிலிருந்து வந்தவர்கள், அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள், டெல் அவீவில் வீடு வாங்க முடியாத இளம் தம்பதிகள். கடல் பக்கத்தில், வீடு மலிவு, அரசு சலுகை. சுற்றிலும் விவசாயக் குடியிருப்புகள்: சதோத், நெதிவ் ஹாஅசாரா, தல்மே யோசெஃப், சூஃபா, ஹோலித். பசுமைக்குடில் போட்டுத் தக்காளியும் பூவும் ஏற்றுமதி. கூலிக்கு வந்தவர்களில் அதே பெதூயின்களும் உண்டு. வேலிக்கு வெளியே தள்ளப்பட்டவன் காலையில் கேட் வழியாக உள்ளே வந்து, தன் தோட்டம் இருந்த இடத்தில் அடுத்தவனுக்குத் தக்காளி பறித்துவிட்டுச் சாயங்காலம் வெளியே போனான்.

ஏப்ரல் 28

சட்டப்படி இது சரியா என்று அப்போது யாரும் கேட்கவில்லையா என்பவருக்கு ஒரு வரி. கேட்டார்கள், பதிலும் வந்தது. 1967 செப்டம்பரிலேயே இஸ்ரேல் வெளியுறவுத் துறையின் சட்ட ஆலோசகர் தியோடர் மெரோன் ரகசியக் குறிப்பு எழுதிக் கொடுத்தார்: பிடித்த நிலத்தில் சொந்தக் குடிமக்களைக் குடியேற்றுவது நான்காவது ஜெனீவா ஒப்பந்தத்துக்கு விரோதம். குறிப்பு கோப்புக்குள் போயிற்று. மெரோன் பின்னாளில் முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான போர்க்குற்ற நீதிமன்றத்தின் தலைவரானார்.

ஏப்ரல் 30, நள்ளிரவு தாண்டி

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

1977 மே மாதத் தேர்தலில் ஜெயித்து ஜூனில் மெனாகெம் பெகின் இஸ்ரேல் பிரதமரானார், வலதுசாரி. சினாயில் நெயோத் சினாய் என்ற குடியிருப்பில் ஓய்வுக்காலத்தைக் கழிப்பேன் என்று வெளிப்படையாகச் சொன்னவர். அதே வருஷம் நவம்பரில் சதாத் ஜெருசலேமுக்கே வந்து நின்றார். பேச்சு தொடங்கியது. சினாய் முழுவதும் வேண்டும், ஒரு குடியிருப்புகூட இருக்கக் கூடாது என்று சதாத் சொன்னதில் கடைசி வரை இம்மி நகரவில்லை.

இந்த இடத்தில்தான் எனக்குப் பிடித்த கூத்து. 1978 ஜனவரி. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கும்போதே விவசாய அமைச்சர் ஷரோன் ஒரு யோசனை சொல்கிறார்: சினாயில் அவசரமாகப் புதிய குடியிருப்புகள் இருப்பது போலக் காட்டுவோம். எகிப்து கேட்டால் இவற்றை விட்டுக்கொடுத்துப் பழையவற்றை வைத்துக்கொள்ளலாம். பழைய பஸ்கள், தண்ணீர்த் தொட்டி, கொஞ்சம் மண் கிளறல். குடியிருப்பு தயார், ஆள்தான் இல்லை. விஷயம் வெளியே வந்தது, உலகம் சிரித்தது. பேரம் பேசப் போகிறவன் கடையில் காலி டப்பாவை அடுக்கி வைத்த கதை.

1978 செப்டம்பர், கேம்ப் டேவிட். அமெரிக்க அதிபர் கார்ட்டர், சதாத், பெகின் மூவரும் பன்னிரண்டு நாளுக்கு மேல் அடைந்து கிடந்தார்கள். கடைசியில் முட்டுக்கட்டை குடியிருப்புகள்தான். பெகின் அசையவில்லை. அப்போது அவருடைய குழுவிலிருந்த ஜெனரல் அவ்ரஹாம் தமிர், இஸ்ரேலில் இருந்த ஷரோனைத் தொடர்புகொண்டார். ஷரோன் பெகினுக்குப் போன் போட்டு, குடியிருப்புகளைக் காலி செய்வதில் ராணுவ ரீதியாக ஆட்சேபம் இல்லை என்றார். பொம்மைக் குடியிருப்பு வைத்தவரே, எட்டு மாதம் கழித்து. பெகின் முடிவைப் பாராளுமன்றத்துக்குத் தள்ளினார். செப்டம்பர் கடைசியில் வாக்கெடுப்பு: ஆதரவு 84, எதிர்ப்பு 19, விலகியவர்கள் 17. பெகினின் சொந்தக் கட்சிக்காரர்கள் பலர் ஆதரிக்கவில்லை. பின்னால் பிரதமரான யிட்ஸாக் ஷமிர் விலகி நின்றார். எதிர்க்கட்சி தூக்கிவிட்டுத்தான் தீர்மானம் நிறைவேறியது.

பெகின் குடியேற நினைத்த நெயோத் சினாய் 1979லேயே எகிப்துக்குப் போய்விட்டது. அங்கே காய்கறி வயலை விடமாட்டோம் என்று குடியேறிகள் ராணுவத்தோடு மல்லுக்கு நின்றார்கள். யாமித்துக்கு அது முன்னோட்டம்.

மே 1, காலை

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஷரோனையே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன். என்ன செய்வது, மனுஷன் ஒவ்வொரு திருப்பத்திலும் நிற்கிறார். 1981இல் பாதுகாப்பு அமைச்சர் ஆகிறார். யாமித்தை இடிக்கிற பொறுப்பும் அவர் கையில்.

மே 1, இரவு

வெளியேற்றம்.

ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். படங்களில் கூரைமேல் கத்துகிறவர்களில் பெரும்பாலோர் யாமித்வாசிகள் இல்லை. யாமித்தில் வீடு வாங்கி இருந்தவர்களில் பெரும்பாலோர் அதற்குள் நஷ்டஈடு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களும் சண்டை போட்டார்கள், டயர் கொளுத்தினார்கள், சாலை மறித்தார்கள். ஆனால் அது தொகை போதாது என்பதற்காக. தொகை உயர்ந்தது, சாமான் கட்டினார்கள். காலியான வீடுகளுக்குள் வந்து புகுந்தவர்கள் மேற்குக்கரையிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் வந்த குஷ் எமுனிம் இயக்கத்தார். வேதத்தில் சொன்ன நிலத்தை மனிதன் விட்டுத்தரக் கூடாது என்று நம்பியவர்கள்.

1982 ஏப்ரல் மூன்றாம் வாரம் ராணுவம் உள்ளே போனது. கூரைகளில் மணல் மூட்டை, டயர், கம்பி. கீழேயிருந்து தண்ணீர் பீரங்கியும் நுரையும். ஏணி வைத்தால் மேலே இருப்பவர்கள் தள்ளிவிட்டார்கள். அதனால் கிரேனில் இரும்புக் கம்பிக்கூண்டைத் தொங்கவிட்டுக் கூரைமேல் இறக்கி, ஆட்களை ஒவ்வொருவராக அதில் ஏற்றிக் கீழே கொண்டுவந்தார்கள். கிரேன் ஆபரேட்டரோடு வேலை செய்தவன் என்பதால் எனக்கு அந்தக் கூண்டுதான் மனதில் நிற்கிறது. காற்று அடிக்கிற கடற்கரையில், கீழே கைகாட்டுகிறவன் சொல்வது கேட்காத இரைச்சலில், திமிறுகிற ஆளோடு கூண்டை ஆடாமல் இறக்குவது சாமானிய வேலை இல்லை. இத்தனைக்கும் நடுவில் யாரும் சாகவில்லை.

ஊரில் ஒரு நினைவுக்கோபுரம் இருந்தது. 1967இல் அந்த வழியாக சினாய்க்குள் பாய்ந்த டாங்கிப் படைப்பிரிவில் இறந்தவர்களுக்கானது. படைப்பிரிவின் தளபதி யார்? வழக்கில் பிரமாணப் பத்திரம் கொடுத்த அதே இஸ்ரேல் தால். மாணவர் தலைவர் ட்சாஹி ஹனெக்பி தன் கூட்டத்தோடு அந்தக் கோபுரத்தின்மேல் ஏறிக்கொண்டு இறங்க மறுத்தார். பின்னாளில் அவர் அமைச்சராகி, தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் வரை போனார்.

நிலவறை ஒன்றில் தீவிர வலதுசாரி யூத மதகுரு மெயிர் கஹானேயின் சீடர்கள் பூட்டிக்கொண்டு, வந்தால் தற்கொலை செய்துகொள்வோம் என்றார்கள். அமெரிக்காவில் இருந்த கஹானேயையே விமானத்தில் வரவழைத்துப் பேசவைத்து வெளியே எடுத்தார்கள்.

பிறகு வெடியும் புல்டோசரும். ஏப்ரல் 25 அன்று எகிப்தியக் கொடி ஏறியபோது யாமித் என்று காட்ட இடிபாடுதான் இருந்தது. ஆறு வாரத்தில் அதே பெகின், அதே ஷரோன், லெபனான் போர்.

மே 2

"அப்போ எல்லாம் நாடகம் என்கிறீர்களா?" இல்லை. வேறு ஊரிலிருந்து வந்தவன் அழுதால் அது பொய்யழுகை என்று நான் சொல்லவில்லை. யாமித்தில் ஏழு வருஷம் இருந்து, பிள்ளை பெற்று, முற்றத்தில் செடி வைத்து வளர்த்தவர்களும் அழுதார்கள். அவர்கள் பெரும்பாலும் கேமராவுக்கு முன்னால் அழவில்லை, அவ்வளவுதான். அரசு கூப்பிட்டு வந்தார்கள், அரசு போகச் சொல்லிப் போனார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. காலி செய்த மண்ணைக் காலிமண் என்று சொல்லி விற்றவன்மேல் வருகிறது.

மே 4, இரவு

ஏன் இடித்தார்கள் என்ற கேள்வி இன்னும் பாக்கி.

சினாயின் தென்கோடியில் ஷார்ம் அல் ஷேக் பக்கத்தில் ஓஃபிரா என்று இன்னொரு இஸ்ரேலியக் குடியிருப்பு இருந்தது. அதை இடிக்கவில்லை, அப்படியே கொடுத்தார்கள். விமானப்படைத் தளம்தான் இன்றைய ஷார்ம் விமான நிலையம். ஒரு ஓட்டல் வேலைக்காக நான் அங்கே கொஞ்ச காலம் இருந்தேன். கடலுக்கு மேலே மேட்டுப்பகுதியில் சாயங்காலம் நடக்கப் போவேன். புதிய ரிசார்ட்டுகளுக்கு நடுவே சில பழைய குறுங்கட்டடங்கள் மட்டும் வேறு கையில் உருவானவை என்று பார்த்தவுடன் தெரியும். ஜன்னல் சின்னது, சுவர் தடிமன், நிழல் விழுகிற திசை பார்த்துத் திருப்பி வைத்த வாசல். யார் கட்டியது என்று கேட்டதற்கு எங்கள் ஃபோர்மேன், "அவர்கள்தான்" என்று வடகிழக்கே தலையாட்டிவிட்டு நடந்தார். ஆள் குடியிருந்தது, கொடியில் துணி காய்ந்தது. யாருக்கும் அது அவமானமாகவும் இல்லை, வெற்றிச் சின்னமாகவும் இல்லை.

யாமித் மட்டும் ஏன்? எல்லைக்கு ரொம்பப் பக்கம். தயாராக இருக்கிற ஊரில் எகிப்து ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுவந்து குடிவைத்தால் என்ன செய்வது என்று பெகின் அரசு பயந்தது. இயக்கத்தார் இரவோடு இரவாகத் திரும்பிவந்து புகுந்துகொள்வார்கள் என்ற பயமும் இருந்தது. பொறியாளன் மனசு முதலில் வீண் செலவு என்றுதான் சொன்னது. யோசித்தால் இரண்டாவது பயம் நியாயமானது. ஒரு தரம் வெளியே எடுக்கவே கூண்டு வேண்டியிருந்தது.

மே 5, மாலை

அந்த ஃபோர்மேன் அல் அரீஷ்காரர். அவர் யாமித்தைப் பற்றிப் பேசவே மாட்டார், கேட்டாலும் தோளைக் குலுக்குவார். அவர் பேசியதெல்லாம் ரஃபா வேலியைப் பற்றி.

1906இல் பிரிட்டனும் உதுமானியரும் ரஃபாவிலிருந்து தாபா வரை போட்ட எல்லைக்கோடு, காகிதத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. 1982 ஏப்ரலில் அதன்மேல் முள்வேலி எழுந்தது. அதற்குள் ரஃபா கோட்டின் இரண்டு பக்கமும் வளர்ந்து ஒரே ஊராகியிருந்தது. தெருவுக்கு நடுவே வேலி. அண்ணன் எகிப்தில், தம்பி காசாவில். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அவருடைய அம்மா தன் தங்கையோடு கத்திக் கத்திப் பேசுவாராம். கல்யாணச் செய்தி, சாவுச் செய்தி, நகை விற்ற விலை, எல்லாம் ஊர் கேட்க. "என் அம்மாவுக்குத் தொண்டை கட்டினால் சித்தியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள் என்று அர்த்தம்" என்பார்.

எகிப்துப் பக்கம் மாட்டிக்கொண்ட அகதி முகாம் ஒன்றுக்குக் கனடா முகாம் என்று பெயர். எழுபதுகளின் தொடக்கத்தில் காசாவின் முகாம்களுக்குள் அகலச் சாலை போட வீடுகளை இடித்தார்கள் (ஆமாம், ஷரோன்தான்). அப்படி வீடு இழந்த பாலஸ்தீனர்களை அங்கே கொண்டுபோய் வைத்திருந்தார்கள். வேலி வந்ததும் அவர்கள் தவறான நாட்டில். எல்லாரும் காசாவுக்குத் திரும்பி முடிக்க 2000ஆம் வருஷம் ஆகிவிட்டது. சமாதான ஒப்பந்தத்தின் சில்லறைக் கணக்கில் இதுவும் சேரும்.

மே 5, இரவு

பெயர்க் காரணம் கேட்டவருக்கு: 1956 சூயஸ் போருக்குப் பின் அங்கே வந்த ஐநா படையில் கனடாக்காரர்களின் தளம் இருந்த இடம் அது. அந்தப் படையில் இந்தியச் சிப்பாய்களும் பத்து வருஷத்துக்கு மேல் காசாவில் நின்றார்கள். கடைசியில் படைத்தளபதியாக இருந்தவரும் இந்தியர், மேஜர் ஜெனரல் இந்தர் ஜித் ரிக்யே. 1967 மே மாதம் அன்றைய எகிப்து அதிபர் நாசர் அந்தப் படையைப் போகச் சொன்னார். கிளம்புவதற்குள் ஜூன் 5, போர் தொடங்கிய நாள், வந்துவிட்டது. இந்திய வீரர்களும் அதில் செத்தார்கள். நம் பத்திரிகைகளில் ஜூன் மாதம் யாராவது ஒரு வரி எழுதுகிறார்களா?

மே 9

யாமித்திலிருந்து போனவர்கள் எங்கே போனார்கள் என்பதைத் தொடர்ந்தால்தான், "சுலபம்" என்ற வார்த்தை எவ்வளவு சரி என்று தெரியும்.

சிலர் இஸ்ரேலின் எல்லைக்குள்ளேயே, காசாவை ஒட்டி அதே பெயர்களில் ஊர் கட்டினார்கள்: நெதிவ் ஹாஅசாரா, சூஃபா, ஹோலித். 2023 அக்டோபர் 7 செய்திகளில் இந்த மூன்று பெயரும் வந்தன. இன்னும் சிலர் காசா துண்டுக்குள்ளேயே போனார்கள். ஒரு ஆக்கிரமிப்புப் பகுதியிலிருந்து எழுந்து அடுத்ததில் உட்கார்ந்தார்கள். யாமித்தின் யெஷிவா, அதாவது மதக் கல்விக்கூடம், நெவே தெகாலிமுக்கு மாறி, தாவீதின் நட்சத்திர வடிவில் கட்டடம் எழுப்பியது. அட்ஸ்மோனா என்ற குடியிருப்பும் அப்படியே சினாயிலிருந்து காசாவுக்கு இடம் பெயர்ந்தது.

2005 ஆகஸ்டில் காசாவின் 21 குடியிருப்புகளையும், சுமார் 8,000 பேரையும் இஸ்ரேல் வெளியேற்றியது. அட்ஸ்மோனாக்காரர்களுக்கு இரண்டாவது முறை. யெஷிவா அஷ்தோதுக்குப் போனது. வீடுகளை மறுபடியும் புல்டோசர் இடித்தது. உத்தரவு போட்ட பிரதமர் ஷரோன். இந்தத் தடவை ஹனெக்பி கோபுரம் ஏறவில்லை, அமைச்சரவையில் இருந்தார்.

மே 11

எகிப்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே, அவர்கள் மட்டும் யோக்கியமா என்று ஒரு நண்பர் காரமாகக் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

2013க்குப் பிறகு வட சினாயில் ஆயுதக் குழுக்களோடு சண்டை. சுரங்கப்பாதைகளை அழிக்கிறோம் என்று எகிப்து ராணுவம் எல்லையோரத்தைக் காலி செய்தது. 2013 ஜூலை முதல் 2015 ஆகஸ்ட் வரை மட்டும் குறைந்தது 3,255 கட்டடங்கள் இடிக்கப்பட்டதாக ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் கணக்கெடுத்தது. எகிப்திய ரஃபா என்ற ஊரே பின்னர் இல்லாமல் போனது. காரணம் மறுபடியும் அதே: தடுப்புப் பகுதி வேண்டும், காசாவுக்கும் சினாய்க்கும் நடுவே ஆயுதம் போகிறது. 1972இல் தால் எழுதிய பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்தை மட்டும் மாற்றினால் போதும்.

யாமித்தை இடிக்காமல் கொடுத்திருந்தாலும் அந்த வட்டாரத்தில் அது எவ்வளவு நாள் நின்றிருக்கும்? கான்கிரீட் தரம் இதற்கெல்லாம் உதவாது.

ஃபோர்மேனுக்கு அந்தச் சமயத்தில் போன் செய்தேன். அம்மா தவறிப்போய் வெகுகாலம் ஆயிற்று. சித்தி வீடு இருந்த தெருவும், வேலிக்கு இந்தப் பக்கம் அம்மா நின்று கத்திய தெருவும் இரண்டுமே இப்போது கிடையாது என்றார். மற்றதெல்லாம் சௌக்கியம் என்றார். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

மே 12, இரவு

சரி, ஆரம்பக் கேள்விக்கு வருகிறேன். ஏன் சினாயில் முடிந்தது?

முதலாவது, எதிரே உட்கார்ந்திருந்தது ஒரு அரசு. 1973இல் அடித்துக் காட்டிய படையும் அதனிடம் இருந்தது. பெகின் ஒரு கையெழுத்தில் மிகப்பெரிய எதிரியைப் போர்க்களத்திலிருந்து எடுத்தார். பாலஸ்தீனர்களிடம் அப்படிக் கொடுத்து வாங்க என்ன இருந்தது? இரண்டாவது, அமெரிக்கா பணம் போட்டது. சினாயில் விட்டுவந்த விமானத் தளங்களுக்குப் பதிலாக நெகேவ் பாலைவனத்தில் புதிய தளங்கள், உதவியும் கடனுமாக மொத்தம் 300 கோடி டாலர். மூன்றாவது, சினாய் முழுவதிலும் குடியேறியவர்கள் சில ஆயிரம் பேர்தான். மேற்குக்கரையில் இன்று கிழக்கு ஜெருசலேமைச் சேர்க்காமலே ஐந்து லட்சத்தைத் தாண்டுகிறது. தொகை கூட்டிக் கொடுத்துச் சாமான் கட்டவைக்கிற எண்ணிக்கை இல்லை.

நாலாவதை நான் கடைசியில் வைக்கிறேன், ஆனால் முதலில் வரவேண்டியது. பெகினுக்கே சினாய் வேறு, மேற்குக்கரையின் ஹெப்ரோனும் நப்லூஸும் வேறு. சினாயைக் கொடுத்தால் மேற்குக்கரையில் அழுத்தம் குறையும் என்று அவர் கணக்குப் போட்டார். அதே வருஷங்களில் அங்கே குடியேற்றம் வேகம் பிடித்தது. ஆகவே யாமித்தை "விட்டுவந்ததற்கு உதாரணம்" என்று தனியாக எடுத்துக் காட்டுவது எனக்கு உறுத்துகிறது. ஒரு பக்கம் கொடுத்தார்கள், அதே கையால் மறுபக்கம் எடுத்தார்கள்.

அந்த 1972 பெதூயின்களுக்கு? நிலம் எகிப்துக்குத் திரும்பியது. அவர்களுக்குத் திரும்பியதா என்பது வேறு கேள்வி. ஒப்பந்தத்தில் அவர்கள் பெயர் கிடையாது.

மே 14

அந்த நினைவுக்கோபுரம் என்ன ஆயிற்று என்று கேட்டவருக்கு: அதன் மாதிரியில் இஸ்ரேல் எல்லைக்குள், கெரெம் ஷாலோம் பக்கத்தில் மறுபடி கட்டினார்கள். மூடிய கிணறுகளுக்கு எங்கும் கல் நட்டதாக நான் பார்க்கவில்லை.

தாபா பற்றிக் கேட்பவர்கள் தயவுசெய்து தனி இழை தொடங்குங்கள். ஒரு எல்லைக்கல் எங்கே இருந்தது என்று இரண்டு நாடுகள் 1988 வரை நடுவர் மன்றத்தில் வாதாடின. கடைசியில் எகிப்து ஒரு ஓட்டலையும் கடற்கரையையும் 1989இல் வாங்கிக்கொண்டது. சர்வே தெரிந்தவர்கள் யாராவது வந்தால் நன்றாகச் சண்டை போடலாம்.